‘இடை’ என்னும் இருகரைச் சொல்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழில் இடைவெளியும் இடைவேளையும்

இடைவெளி, இடைவேளை ஆகிய இரண்டும் ‘இடை’ என்ற ஒரே அடியிலிருந்து கிளைத்த சொற்கள். முன்னது இடத்தில் விழும் விடுபாட்டையும், பின்னது காலத்தில் விழும் விடுபாட்டையும் குறிக்கும் என்பது பள்ளிப் பாடநூல் தரும் வரையறை. வழக்கு அந்த வரையறைக்குள் முழுதாக அடங்குவதில்லை. ‘ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அந்த நடிகர் திரைக்குத் திரும்பினார்’ என்று எழுதுவது எல்லாத் தமிழ் நாளிதழ்களிலும் உண்டு. அங்கே இடைவெளி காலத்தைத்தான் அளக்கிறது. ஆனால் இரண்டு கடைகளுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடத்தை யாரும் இடைவேளை என்று சொல்வதில்லை. இடத்தைச் சொல்லப் பிறந்த சொல் காலத்துக்குள் எளிதாக நுழைகிறது. காலத்துக்கென்று பிறந்த சொல் தன் எல்லையைத் தாண்டுவதில்லை.

‘இடை’க்கு அகராதிகள் தரும் பொருள்கள் பல: நடு, நடுவிடம், இடுப்பு, இடம், காலம், வேறுபாடு. பழைய இலக்கணத்தில் அது ஏழாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்று. கண், கீழ், மேல், முன், தலை முதலியவற்றோடு தொல்காப்பியம் அதையும் எண்ணுகிறது. பெயருக்கும் வினைக்கும் துணையாய் நிற்கும் சொற்களுக்கு இடைச்சொல் என்று பெயர். வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் நடுத்தரமாக ஒலிக்கும் ய, ர, ல, வ, ழ, ள ஆறும் இடையினம். குறிஞ்சிக்கும் மருதத்துக்கும் நடுவிலுள்ள முல்லை நிலத்தில் வாழ்ந்ததால் இடையர் என்ற பெயர் வந்தது என்று விளக்குவோரும் உண்டு. பெண்ணின் இடையை உண்டோ இல்லையோ என்று ஐயுற்றுப் பாடிய கவிமரபும் இந்தச் சொல்லின் இயல்பை நன்றாக அறிந்திருந்தது. இடை என்பது தனக்கென உருவம் இல்லாதது. மேலும் கீழும் இருப்பவை அதற்கு வடிவம் தருகின்றன.

இந்தப் பண்பே சொல்லின் உயிர்நிலை. வெளி என்றால் அது எல்லையற்றது. வேளை என்றால் அது பொழுது. ‘இடை’ முன்னே வந்து ஒட்டியதும் இரண்டுக்கும் இரு கரை அமைந்துவிடுகிறது. ஆற்றுக்குக் கரை இரண்டு இருப்பதுபோல இடைவெளிக்கும் தொடக்கமாக ஒன்றும் முடிவாக ஒன்றும் வேண்டும். தமிழில் தொடர்ச்சியைச் சொல்லவும் இந்த அடிதான் எதிர்மறையில் உதவுகிறது: இடைவிடாமல், இடையறாது, இடையீடின்றி. நீண்டு செல்லும் ஒன்றைப் புகழ வேண்டுமானால் அதில் இடை விழவில்லை என்று சொல்வது தமிழின் வழி.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில், அதாவது கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான், காஜாங் என அதைச் சூழ்ந்த நகரங்களிலும் பேசப்படும் தமிழில் இந்தச் சொற்குடும்பம் மலாயும் ஆங்கிலமும் தந்த சொற்களோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிறது. ‘ரெஹாட்’, ‘பிரேக்’, ‘லீவு’, ‘கேப்’ எல்லாம் அன்றாடப் பேச்சில் உண்டு. ஆயினும் அச்சிலும் மேடையிலும் வானொலியிலும் ‘இடை’ தன் வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பகிர்வு எப்படி நடக்கிறது என்பதைக் காணுமுன், தமிழ் இலக்கணம் இடைவெளியை எவ்வாறு பார்த்தது என்பதை அறிய வேண்டும். மொழிக்குள்ளேயே விழும் இடைவெளி ஒன்று உண்டு. அதைத் தமிழ் விரும்பவில்லை.

இரண்டு உயிரெழுத்துகள் அடுத்தடுத்து வரும்போது ஒலி நடுவே அறுபடுகிறது. முதல் உயிரை முடித்து மூச்சை நிறுத்தி அடுத்ததைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த அறுப்பை நீக்க நடுவே ஒரு மெய்யைக் கொண்டுவருவது தமிழின் ஏற்பாடு. இரு உயிரையும் உடன்படுத்துவதால் அதற்கு உடம்படுமெய் என்று பெயர். அது வரலாம் என்று தொல்காப்பியம் இசைவு தருகிறது; பவணந்தியின் நன்னூல் எது எங்கே வரும் என்று வகுக்கிறது. இ, ஈ, ஐ என முடியும் சொல்லின் பின் யகரம். ஏகாரத்தின் பின் யகரமோ வகரமோ. மற்ற உயிர்களின் பின் வகரம். பத்துமலை என்ற ஊர்ப்பெயர் வேற்றுமை ஏற்கும்போது பத்துமலையில் என்றும், பெட்டாலிங் ஜெயா ஏற்கும்போது பெட்டாலிங் ஜெயாவில் என்றும் ஆவது இந்த விதியால்தான். இலக்கணம் படிக்காத பிள்ளையும் இதைத் தவறின்றிச் செய்கிறது. இடைவெளியை நிரப்ப வரும் யகரமும் வகரமும் இரண்டுமே இடையின எழுத்துகள் என்பது கவனிக்கத் தக்கது. உயிர்போல நெகிழ்ந்தும் மெய்போல நின்றும் ஒலிப்பவை ஆதலால் நடுவில் நிற்பதற்கு அவை பொருத்தமானவை.

எல்லா இடத்திலும் இந்த இணைப்பு கட்டாயமில்லை. ‘ஷா ஆலம்’ என்ற பெயரில் ஆகாரமும் ஆகாரமும் நேருக்கு நேர் நிற்கின்றன. விதிப்படி ‘ஷாவாலம்’ என்று ஆகியிருக்க வேண்டும். எந்த மலேசியத் தமிழ் இதழும் அப்படி எழுதுவதில்லை. பெயரின் இரு பகுதிகளும் அடையாளம் இழக்கக் கூடாது என்பதற்காக ஒலியில் விழும் அறுப்பை மொழி பொறுத்துக்கொள்கிறது. இத்தகைய பொறுத்தலுக்கு யாப்பிலக்கணத்தில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: விட்டிசைத்தல். சொல்லின் முதலில் வரும் தனிக்குறில் பொதுவாக நேரசை ஆகாது. அடுத்த எழுத்தோடு ஒட்டாமல் விட்டு ஒலிக்கும்போது மட்டும் ஆகும் என்பது யாப்பருங்கலக் காரிகையின் விதி. ஆகவே ஒலியில் விழும் இடைவெளி வெறும் குறையாகக் கருதப்படவில்லை. தேவையான இடத்தில் அதற்கு ஓர் அசையின் மதிப்பையே புலவர்கள் கொடுத்தார்கள்.

எழுத்தில் விழும் இடைவெளி இதைவிட மிகப் பிந்தியது. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் வெளிவிட்டு எழுதும் வழக்கம் இல்லை. எழுத்துகள் ஒரே ஓட்டமாக ஓடும். எங்கே பிரிப்பது என்பது படிப்பவரின் பொறுப்பு. அச்சும் உரைநடையும் பரவிய 19-ஆம் நூற்றாண்டில்தான் சொற்பிரிப்பும் நிறுத்தக்குறிகளும் நிலைபெற்றன. அதில் ஆறுமுக நாவலரின் (1822–1879) பதிப்புகளுக்கும் உரைநடைக்கும் பெரும் பங்கு உண்டு. மலேசிய ஊர்ப்பெயர்களில் இந்த வரலாற்றின் தடம் தெரிகிறது. மலாயில் இரண்டு சொல்லாக எழுதப்படும் தலைநகரின் பெயர் தமிழில் கோலாலம்பூர் என்று ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது. 1950-களில் எழுந்த பெட்டாலிங் ஜெயாவும், 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலமும் இரு சொல்லாகவே நிற்கின்றன. நாவில் நெடுங்காலம் புழங்கிய பெயர் இடைவெளியை இழந்திருக்கிறது. புதிய பெயர் அதைக் காத்து வைத்திருக்கிறது.

காலத்தில் விழும் இடையீட்டுக்கு வரும்போது மலேசியத் தமிழ் தமிழ்நாட்டு வழக்கிலிருந்து தெளிவாகப் பிரிகிறது. தமிழ்நாட்டுப் பள்ளியில் மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடும் நேரம் ‘இடைவேளை’, பேச்சில் ‘இன்டர்வெல்’. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியிலோ, நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றான கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியிலோ படிக்கும் பிள்ளைக்கு அது எழுத்தில் ‘ஓய்வு நேரம்’, பேச்சில் ‘ரெஹாட்’. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குச் சென்றேன் என்பது மலேசியத் தமிழ் மாணவர் கட்டுரைகளில் ஏறக்குறைய வாய்பாடு. மலாயின் ரெஹாட் அரபுமொழியின் ‘ராஹத்’திலிருந்து வந்தது, இளைப்பாறுதல், நிம்மதி என்பது அதன் பொருள். ஆகையால் மலேசியத் தமிழ் ‘ஓய்வு’ என்ற சொல்லைத் தேர்ந்தது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. மலாய்ச் சொல்லின் பொருளைப் பின்பற்றிய தேர்வாகவே அது தோன்றுகிறது. தமிழ்நாட்டு வழக்கு அந்த நேரத்தை இரண்டு பாடங்களின் நடுவில் வைத்துப் பார்க்கிறது. மலேசிய வழக்கு அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கிறது. ஓய்வுக்கு இரு கரை இல்லை. வேலையிலிருந்து முற்றாக விலகுவதும் தமிழில் ஓய்வுதான். பிள்ளை மறுபடி வகுப்புக்குத் திரும்ப வேண்டும் என்ற குறிப்பு இடைவேளையில் இருக்கிறது, ஓய்வில் இல்லை.

நீண்ட இடையீட்டுக்கு விடுமுறை, பேச்சில் லீவு. மலாயின் ‘சூத்தி’யும் காதில் விழுவதுண்டு, அது இந்தியின் ‘சுட்டி’ மலாய்க்குள் போய் நிலைத்த வடிவம். பள்ளி ஆண்டின் பகுதியை மலேசியத் தமிழ் ‘தவணை’ என்கிறது. அதனால் தவணை விடுமுறை, தவணைத் தேர்வு என்ற தொடர்கள். இலங்கையிலும் இதே வழக்கு. தமிழ்நாட்டில் தவணை என்றால் கடனை அடைக்கும் கெடு; பள்ளிக்கு அங்கே பருவம். ஒரே சொல் ஒரு கரையில் பணத்தையும் மறுகரையில் படிப்பையும் அளப்பதற்குக் காரணம் அதன் அடிப்படைப் பொருளிலேயே இருக்கிறது: குறிக்கப்பட்ட கால எல்லை.

பள்ளிக்கும் மேலாக, இடைவேளையின் பொருள் கூர்மையாகச் சோதிக்கப்படும் இடம் வேலைத்தளம். வேலையின் நடுவே விடப்படும் நேரம் எவ்வளவு நீண்டால் அதை இடைவேளை என்று ஏற்கலாம்? மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இதற்கு எண்ணால் விடை சொல்கிறது. ஒருவரைத் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யச் சொல்லக் கூடாது. நடுவே 30 நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு தர வேண்டும். சட்டத்தின் அடுத்த வரிதான் முக்கியமானது. அந்த 5 மணி நேரத்துக்குள் 30 நிமிடத்துக்குக் குறைவாக விடப்படும் இடையீடு தொடர்ச்சியை முறித்ததாகக் கொள்ளப்படாது. அதாவது பத்து நிமிடம் தேநீர் குடிக்க விட்டுவிட்டு மணிக்கணக்கைப் புதிதாகத் தொடங்க முதலாளிக்கு உரிமை இல்லை. தொடர்ந்து கவனிக்க வேண்டிய வேலைகளில் 8 மணி நேரம் வரை செல்லலாம். ஆனால் அதற்குள் உணவுக்கென்று மொத்தமாக 45 நிமிடமாவது ஒதுக்க வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த உச்சவரம்பு 2023 ஜனவரி 1 முதல் 45 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது.

இந்த எண்களின் மதிப்பு கிள்ளான் வரலாற்றை அறிந்தவருக்கு நன்றாகப் புரியும். 1941-இன் முதற்பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்ப் பால்மரத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணிபுரிந்த ஆர். எச். நாதன் அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் வேலை வாங்கும் வழக்கத்தை ஒழிப்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் இழந்தனர். நாளின் நடுவே இளைப்பாறும் நேரம் இயல்பாகக் கிடைத்த ஒன்று என்று இன்று நினைப்பது எளிது. கிள்ளானில் அது உயிரைப் பணயம் வைத்துக் கேட்கப்பட்டவற்றின் வரிசையில் வருவது.

அந்தப் போராட்டத்தின் தமிழ்ப்பெயரில் ‘இடை’ இல்லை என்பதும் நோக்கத்தக்கது. வேலை நிறுத்தம் என்றுதான் வழங்குகிறது. கோரிக்கை நிறைவேறினால் தொழிலாளர் திரும்புவர் என்றாலும், திரும்புவது உறுதியில்லாததாலும் நிறுத்துவது அவர்கள் கையில் இருப்பதாலும் அந்தப் பெயரே பொருந்துகிறது. இடைவேளை மற்றவர் தருவது அல்லது அட்டவணை தருவது. நிறுத்தம் ஒருவர் தாமாகச் செய்வது.

திரைப்படத்தில் இடைவேளை தமிழருக்கு ஒரு கலைவடிவமாகவே ஆகிவிட்டது. முதற்பாதி, இரண்டாம் பாதி என்று கதையைப் பிரித்து, பிரியும் புள்ளியில் ஒரு திருப்பத்தை வைப்பது இந்தியத் திரைக்கதையின் அடிப்படை. கோலாலம்பூரில் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையின் கொலிசியம் போன்ற பழைய அரங்குகளிலும் தமிழ்ப்படம் ஓடியிருக்கிறது. பல்திரை அரங்குகள் வந்தபின் இந்தியாவுக்கு வெளியே பொதுவாகப் படம் நிற்காமல் ஓடுகிறது. திரையில் ‘இடைவேளை’ என்ற எழுத்து தோன்றும், விளக்கு எரியாது, அடுத்த காட்சி தொடங்கிவிடும். சொல் இருக்கிறது, அது சுட்டும் பொருள் இல்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ‘விளம்பர இடைவேளை’ என்ற தொடர் வலுவாக நிற்பதற்குக் காரணம், அங்கே அறிவிப்பாளர் சொன்னபடியே நிகழ்ச்சி திரும்பி வருவதுதான்.

இடத்தில் விழும் இடைவெளிக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு தனிச்சொல் ஒன்றைக் கொண்டிருக்கிறது: அஞ்சடி. கடைவீட்டின் சுவருக்கும் தெருவுக்கும் நடுவே, மேல்மாடிக்குக் கீழாக ஓடும் நடைபாதை அது. மலாயில் ‘காக்கி லீமா’, அதாவது ஐந்தடி. சிங்கப்பூருக்கு 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகர்த் திட்டத்தில் இந்த மூடிய நடைபாதை கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் மலாயா நகரங்களுக்கும் பரவியது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், மறு ஆண்டு பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லாலும் ஓட்டாலும் நகரைத் திரும்பக் கட்டச் செய்தார். அந்தச் செங்கலுக்கான சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. அஞ்சடி சட்டப்படி நடப்பவருக்கு உரியது. வழக்கில் அது பூக்கட்டுபவர், கிளி சோதிடர், செருப்புத் தைப்பவர் முதலியோரின் வாழ்விடமாகவும் இருந்து வந்திருக்கிறது. கடையும் அல்லாத, தெருவும் அல்லாத அந்த இடம் இடைவெளி என்ற சொல்லின் இலக்கணத்துக்கு முழுதாகப் பொருந்துகிறது. ஆயினும் அதைப் புழங்கியவர்கள் இடைவெளி என்று அழைக்கவில்லை. ஓரிடத்தில் மனிதர் தங்கத் தொடங்கியதும் அதற்குத் தனிப்பெயர் கிடைத்துவிடுகிறது.

அதே பிரிக்பீல்ட்ஸில் பெயர் பெறாத இடைவெளி ஒன்றும் நெடுநாள் இருந்தது. பழைய ரயில்வே நிலத்தில் எழுந்த கேஎல் சென்ட்ரல் நிலையம் 2001-இல் திறக்கப்பட்டது. 2003 ஆகஸ்டு 31-இல் மோனோரயில் ஓடத் தொடங்கியபோது அதன் கேஎல் சென்ட்ரல் நிறுத்தம் முதன்மை நிலையத்தோடு சேரவில்லை. பெயர் ஒன்று, இடம் இரண்டு. பயணிகள் பெட்டியைச் சுமந்துகொண்டு துன் சம்பந்தன் சாலைப் பக்கம் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. 2014-இல் நியூ சென்ட்ரல் பேரங்காடி திறந்து இரண்டையும் இணைத்தபின்தான் அது தீர்ந்தது. இங்கே இடைவெளி திட்டமிடலின் குறை. உடம்படுமெய் செய்யும் வேலையை நகரத்தில் ஒரு கட்டடம் செய்ய வேண்டியதாயிற்று.

அரசியல் மொழியில் ‘இடை’ இரண்டு சொற்களால் நிலைபெற்றிருக்கிறது: இடைத்தேர்தல், இடைக்காலம். இரு பொதுத்தேர்தல்களின் நடுவே காலியான ஓர் இருக்கைக்கு நடப்பது இடைத்தேர்தல். மலேசிய அரசமைப்பின்படி இருக்கை காலி என்று தேர்தல் ஆணையம் உறுதி செய்த 60 நாட்களுக்குள் அது நடக்க வேண்டும். காஜாங் சட்டமன்ற உறுப்பினர் 2014 ஜனவரி 27-இல் பதவி விலக, மார்ச் 23-இல் வாக்கெடுப்பு நடந்து வான் அசிசா வென்றார். இந்த 60 நாள் வரம்பு சிறிய செய்தி அல்ல. மக்களுக்குப் பிரதிநிதி இல்லாத காலம் எவ்வளவு நீளலாம் என்பதை ஆட்சியாளரின் விருப்பத்துக்கு விடாமல் சட்டமே கரை கட்டுகிறது. இடைக்காலம் அப்படிப்பட்ட கரையைச் சில வேளை பெறுவதில்லை. 2020 பிப்ரவரி 24-இல் பிரதமர் மகாதீர் பதவி விலகினார். அன்றே இடைக்காலப் பிரதமராக நியமிக்கப்பட்டார். மார்ச் 1-இல் முகைதீன் யாசின் பதவியேற்றபோது அந்த இடைக்காலம் முடிந்தது. நடுவில் கடந்த நாட்களில் அது எப்போது முடியும் என்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இடைக்காலம் என்ற சொல் முடிவு உண்டு என்ற நம்பிக்கையைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருந்தது.

சில நாட்களிலேயே ‘இடைவெளி’ நாட்டின் ஒவ்வொரு கதவிலும் ஒட்டப்படும் சொல்லானது. கோவிட்-19 பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கொருவர் ஒரு மீட்டர் விலகி நிற்பதைச் சொல்ல ஒரு தொடர் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் முதலில் ‘சமூக விலகல்’ என்றார்கள்; எதிர்ப்பு எழவே ‘சமூக இடைவெளி’ ஆயிற்று. அதற்கும் கண்டனம் வந்தது. தீண்டாமையின் பெயரால் சமூகங்களுக்கு நடுவே தூரத்தை அளந்து வைத்திருந்த மண்ணில், சமூக இடைவெளியைக் கடைப்பிடியுங்கள் என்று அரசே அறிவிப்பது எத்தகைய நினைவுகளைக் கிளறும் என்று கேட்டவர்களின் கேள்வி நேர்மையானது. உலக நலவாழ்வு நிறுவனமும் 2020 மார்ச் மாதத்தில், விலக வேண்டியது உடல்தானேயன்றி உறவல்ல என்ற கருத்தில் உடல் சார்ந்த இடைவெளி என்ற சொல்லாட்சிக்கு மாறியது.

மலேசியத் தமிழ் ஊடகங்களில் அந்தக் காலத்தில் ‘கூடல் இடைவெளி’ என்ற தொடர் பரவியது. இது மிக நல்ல ஆக்கம். விலக வேண்டியது எங்கே என்பதைத் தொடரின் முதற்சொல்லே வரையறுத்துவிடுகிறது: கூடும் இடத்தில் மட்டும். சமூகம், சாதி, உறவு எதையும் அது தொடவில்லை. கூடல் என்ற சொல்லுக்குச் சங்க இலக்கியத்தில் காதலர் சேர்தல் என்ற பொருளும், மதுரையின் பெயர் என்ற பெருமையும் உண்டு. சேர்தலைக் குறிக்கும் சொல்லையும் பிரிவைக் குறிக்கும் சொல்லையும் அருகருகே வைத்தால் முரண் தோன்றும் என்று அஞ்சலாம். நடப்பில் அது தோன்றவில்லை. கூடலும் வேண்டும், அதற்குள் ஒரு மீட்டரும் வேண்டும் என்பதே அன்றைய தேவை. 2021 தைப்பூசம் பத்துமலையில் பக்தர் திரளின்றிக் கடந்தபோது, கூடலே இல்லாத இடத்தில் கூடல் இடைவெளிக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்மீது விழும் சுமை அதிகம். மலாயில் விடுபாட்டுக்குப் பல சொற்கள் உள்ளன. ‘ருவாங்’ என்றால் பரப்பு, ‘செலாங்’ என்றால் ஒன்றுவிட்டு ஒன்று வரும் இடையீடு, ‘செலா’ என்றால் சந்து, ‘ஜெடா’ என்றால் பேச்சின் நடுவே நிறுத்தும் சிறு தங்கல், ‘ஜூராங்’ என்றால் பள்ளம். செய்தி மேசையில் இவற்றுள் பல இடைவெளியாகவே மாறி வெளிவருகின்றன. வருமானத்திலும் வாய்ப்பிலும் உள்ள ஜூராங்கை இடைவெளி என்று எழுதும்போது பள்ளத்தின் ஆழம் போய்விடுகிறது. இரு சமநிலங்களுக்கு நடுவே உள்ள தூரம்போல அது தோன்றுகிறது. ஒருவர் மேட்டிலும் ஒருவர் பள்ளத்திலும் நிற்பதைச் சொல்லத் தமிழில் ஏற்றத்தாழ்வு என்ற நல்ல சொல் இருக்கிறது. அந்த இடத்தில் அதை விட்டுவிட்டு இடைவெளியை வைப்பது உண்மையைக் குறைத்துச் சொல்வதாகும்.

‘இடை’யில் தொடங்கும் எல்லாத் தொடரும் இரு கரை உடையவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கு நடுவில் என்ற பொருளோடு, வழியின் பாதியில் என்ற பொருளும் அந்த அடிக்கு உண்டு. இரண்டாவது பொருளில் ஒரு கரைதான் இருக்கும். எந்தப் பொருள் என்று அறியப் பின்னால் வரும் உறுப்பைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். வெளி, வேளை, காலம் என்று இடத்தையோ காலத்தையோ குறிக்கும் பெயர் வந்தால் இரு கரை உண்டு. நில், மறி, முறி என்று தடைப்படுவதைக் குறிக்கும் வினை வந்தால் பயணம் பாதியில் அறுந்ததாகப் பொருள். வழியில் மடக்குவது இடைமறித்தல். பள்ளியை முடிக்காமல் விட்டுப்போவது இடைநிற்றல். அதற்கு மறுகரை இல்லை.

இந்த விதிக்கு அடங்காமல் நிற்பது ‘இடைநிறுத்தம்’. பேச்சின் நடுவே விடும் மௌனத்துக்கும் அது ஆகிறது. பணியிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக விலக்கி வைப்பதற்கும் இலங்கையில் அதுவே வழங்குகிறது. மலேசியச் செய்தித்தமிழ் விலக்கி வைத்தலுக்கு ‘இடைநீக்கம்’ என்று எழுதுகிறது. விசாரணை முடிந்ததும் திரும்பக்கூடும் என்பது இடைநீக்கம். திரும்பவே முடியாது என்றால் அது நீக்கம். ஒருவரின் வேலையும் பெயரும் தொங்கிக்கொண்டிருக்கும்போது தலைப்பில் அந்த ஈரெழுத்தை விடுவது பெரும் பிழையாகிவிடும். இடநெருக்கடி என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

இதழ்களின் வாழ்விலும் இந்த வேறுபாடு உண்டு. ஓர் இதழ் சில மாதம் வராமலிருந்து மீண்டும் வந்தால் ‘இடைவெளிக்குப் பின்’ என்று முதற்பக்கத்தில் எழுதும். 1924-இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019-இன் தொடக்கத்தில் தன் வெளியீட்டை முடித்துக்கொண்டது. 94 ஆண்டு வாழ்ந்த அந்த நாளிதழின் முடிவுக்கு நிறுத்தம் என்பதே சரியான சொல். வேறொருவர் அதே பெயரில் அதை மறுபடி அச்சிட்டால்தான் நடுவில் கடந்த ஆண்டுகள் இடைவெளி என்ற பெயரைப் பெறும்.